கழற்றுதல் எளிதென்பார்க்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கிச் சங்ககிரி, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் வரையில் பரந்து கிடக்கும் இந்தச் சமவெளியில், எந்த மெக்கானிக் பட்டறையில் நுழைந்து பழைய புல்லட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலும், தேநீர் வந்து சேருவதற்கு முன்னால் ஒரு வாக்கியம் வந்து சேர்ந்துவிடும்: "கழட்டறதுல என்னங்க இருக்குது, யாரு வேணா கழட்டலாம், மாட்டறதுலதானுங்க வித்தையே இருக்குது." சொல்பவர் ஆயுளில் பெரும்பகுதி ஸ்பானர் பிடித்தவராக இருப்பார், கேட்பவர் தம் தகப்பனார் வைத்துவிட்டுப் போன வண்டியை மறுபடி ஓடச் செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வந்தவராக இருப்பார், ஆகவே அந்த வாக்கியம் ஆட்சேபமின்றி நிறைவேறிவிடும். அது வாய்ப்பேச்சோடு நிற்குமாயின் அதை மறுப்பதற்கென்று ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஆனால் அந்த அபிப்பிராயத்தின்மீதுதான் தொழிலின் ஒழுங்கு முழுவதும் நிறுத்தப்பட்டிருக்கிறது. காலையில் வண்டி உள்ளே வந்தவுடன், புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பையனிடம் ஒரு செட் ஸ்பானரும், ஒரு சுத்தியலும், மண்ணெண்ணெய் ஊற்றிய ஒரு தட்டும் கொடுக்கப்படுகின்றன; அவன் பிற்பகலுக்குள் எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, துடைத்து, ஒரு சாக்கின்மேல் பரப்பி வைக்கிறான்; அதன் பிறகே மேஸ்திரி வந்து தம் வித்தையைத் தொடங்குகிறார்.

இந்த வரிசை தலைகீழானது என்பது என் கட்சி. ஐம்பது ஆண்டு ஓடித் தேய்ந்த ஒரு யந்திரத்தைப் பொறுத்தவரையில், கழற்றுவதே மூத்த கை செய்ய வேண்டிய வேலை. அங்கே செய்யப்பட்ட பிழையைப் பின்னால் எந்த வித்தையாலும் முழுவதும் நிவர்த்தி செய்ய இயலாது. மாட்டுவதில் உள்ள கஷ்டம் என்று நாம் வியந்து பேசுவதில் பெரும்பங்கு, கழற்றியவன் அஜாக்கிரதையால் உண்டாக்கி வைத்த கஷ்டமே.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் அதற்குரிய மரியாதையோடு எடுத்துரைப்பதே முறை. அது மூடத்தனத்தில் பிறந்த அபிப்பிராயம் அன்று. இந்தப் பிரதேசத்தின் பெருந்தொழிலில் பிறந்தது. நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஓடி உழைத்த பழைய லாரியின் உடலைச் சேசிஸ் வரையில் உரித்தெடுத்து, புதுக் கூண்டு கட்டி, வர்ணம் தீட்டி, பெயரெழுதி அனுப்புகிறார்கள். அங்கே உரிப்பது கூலிவேலை, கட்டுவது கலை. சங்ககிரி லாரிகளுக்கும், இந்தியாவின் எந்த மூலையிலும் போர் போடப் போய்வரும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கும் அதே நியாயம் பொருந்தும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்; தேய்ந்த பாகத்துக்குப் பதிலாகப் புதுப் பாகம் கடையில் கிடைக்கிறது; பழைய பாகம் என்ன சொல்லிற்று என்று விசாரித்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை, அவசியமும் இல்லை. அந்தத் தொழிலில் இந்த வாக்கியம் முற்றிலும் உண்மையானது என்று நானே எழுதிக் கையொப்பமிடுவேன்.

லாரிப் பட்டறையில் பெற்ற அந்த உண்மையை, 1950-களிலோ 1960-களிலோ செய்யப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளின்மீது அப்படியே ஏற்றுவதில்தான் தவறு தொடங்குகிறது. புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து எண்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, அங்கிருந்து வந்த உறுப்புகளைத் திருவொற்றியூரில் பூட்டிப் பின் படிப்படியாக இங்கேயே வார்த்தும் கடைந்தும் செய்யத் தலைப்பட்டார்கள். எழுபது மில்லிமீட்டர் விட்டமும் தொண்ணூறு மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. எஞ்சின், தாயகத்துத் தொழிற்சாலை மூடுண்ட பின்னரும், பார்வைக்கு ஏறக்குறைய ஒரே உருவத்தோடு, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரையில் சென்னையில் உற்பத்தியாகி வந்தது. உருவம் மாறாமையால் உள்ளடக்கமும் மாறவில்லை என்று எண்ணுவது மனித சுபாவம். உள்ளேயோ, டைனமோ போய் ஆல்ட்டர்னேட்டர் வந்தது. ஆறு வோல்ட் பன்னிரண்டாயிற்று. பிரிட்டிஷ் மரைகளுக்கிடையே மெட்ரிக் மரைகள் புகுந்தன. ஆகவே 1958-ஆம் வருஷத்து வண்டியில் உள்ள ஓர் உறுப்புக்கு, கடைக்காரர் எடுத்து நீட்டும் 'புல்லட் சாமான்' பெயரளவில்தான் உறவு. ஜாவா, எஸ்டி வண்டிகளின் கதி இன்னும் பரிதாபமானது: மைசூரில் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடியாயிற்று, 2018-இல் பெயர் மீண்டு வந்ததேயன்றி, பழைய எஞ்சினுக்கு அதனால் யாதொரு உபகாரமும் இல்லை.

உறுப்புக்கு மாற்று உறுப்பு நிச்சயமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை போனவுடனேயே, உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் இரண்டு வேலை பார்க்கத் தொடங்குகிறது. ஒன்று, அது உறுப்பு. மற்றொன்று, அது சாட்சி. அந்தச் சாட்சி வாய் திறப்பது ஒரே ஒருமுறை, கழற்றும்போது மட்டும். அகழாய்வுக்காரர் ஒரு குழியை அடுக்கடுக்காகச் சுரண்டி, ஒவ்வொரு பானையோடும் எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதை எழுதி வைப்பது, தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது என்பதனால்தான். எஞ்சினுக்குள்ளும் அவ்வாறே.

அந்தச் சாட்சியம் என்ன என்பதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் எதிர்க்கட்சியார் அதை 'அழுக்கு' என்ற ஒரே பெயரில் அடக்கி மண்ணெண்ணெயில் கரைத்துவிடுகிறார்கள். வண்டியைத் தொடுவதற்கு முன்னரே, கிராங்க்கேஸின் மேல் எண்ணெயும் புழுதியும் கலந்து இறுகியிருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சு, எந்த இடத்தில் கசிவு தொடங்கி எந்தப் பக்கம் ஓடியது என்பதை வரைந்து காட்டும். அதைக் கழுவிவிட்டால், கசிந்தது கேஸ்கெட்டா, மயிரிழை வெடிப்பா, தேய்ந்த புஷ்ஷா என்பதை அறிய, எல்லாம் பூட்டிப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்க்கும் நாள்வரை காத்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் முனை ஈரக் கறுப்பாக இருந்தால் எண்ணெய் மேலேறுகிறது. உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. வடித்த எண்ணெயை வெயிலில் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிக் காந்தம் காட்டிப் பார்த்தால், ஒட்டுகிற பொடி எஃகு, ஒட்டாமல் மஞ்சளாக மின்னுவது கனெக்டிங் ராடின் சின்ன முனையிலுள்ள வெண்கலப் புஷ். இந்த ஒரு தட்டைப் பார்ப்பதற்கு ஆகும் பொழுதில், எஞ்சினுக்குள் எது தேய்ந்தது என்ற விசாரணையில் பாதி தீர்ந்துவிடுகிறது. பிஸ்டனின் பக்கங்களில் தேய்வு நேராக விழாமல் ஒருபுறம் மேலும் மறுபுறம் கீழுமாகக் கோணலாய் விழுந்திருந்தால், கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கவனியாமல் புதிதாகப் போர் போட்டு, ஓவர் சைஸ் பிஸ்டன் மாட்டினால், புதுப் பிஸ்டனும் அதே கோணலில் தேயும். பற்சக்கரங்களுக்குப் பின்னால் காகிதக் கனத்தில் ஒளிந்திருக்கும் ஷிம்கள் எத்தனை, எந்தப் பக்கத்தில் எத்தனை என்பது, அவை விரல் நழுவித் தட்டில் விழுந்த கணத்தோடு மறைந்துபோகும் விஷயம்.

இவற்றையெல்லாம் கண்டு, கண்டதன் அர்த்தத்தை உணர்ந்து, உணர்ந்ததை எழுதி வைக்கும் ஆற்றல் புதுப் பையனுக்கு இராது; இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அது மேஸ்திரிக்கு உண்டு. ஆனால் சாட்சி பேசும் அந்த வேளையில் மேஸ்திரி வேறொரு வண்டிக்குச் செயின் இறுக்கிக்கொண்டிருக்கிறார்.

கவனிப்பது ஒருபுறம் இருக்க, கைத்திறனைப் பற்றியும் பார்ப்போம். யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்பதல்லவா வாதம். புல்லட்டின் டைமிங் பக்கத்துக் கவரைத் திறந்தால், கிராங்க் தண்டின் முனையில், எண்ணெய்ப் பம்புகளை ஓட்டும் ஒரு திருகுப் பல் நட்டு இருக்கும். அதன் மரை இடதுமரை. சைக்கிளின் இடது பெடலைக் கழற்றத் தெரிந்த எவருக்கும் இப்படி ஒரு மரை உலகில் உண்டு என்பது தெரியும். ஆனால் அது இங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டி அறிந்தவனுக்கே அந்த அறிவு பயன்படும். அறியாதவன் வழக்கம்போல் இடப்பக்கம் திருப்புவான், இறுகும், இன்னும் நீளமான குழாயை ஸ்பானரில் செருகித் திருப்புவான், முடிவில் நட்டோ தண்டின் மரையோ ஏதோ ஒன்று சிதையும். எஞ்சினை வாழவைக்கும் எண்ணெயைச் செலுத்துகிற உறுப்பு அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

ஸ்பானரின் கதையும் அவ்வாறே. பழைய பிரிட்டிஷ் முறையில் விட்வர்த் ஸ்பானரின்மேல் பொறித்த எண், நட்டின் தலையகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிப்பது. நம் பட்டறைகளில் உள்ளவையோ மெட்ரிக் ஸ்பானர்கள். அவற்றுள் ஏறக்குறையப் பொருந்துவது ஒன்று எப்போதும் கிடைக்கும். அந்த 'ஏறக்குறைய' என்பதே நட்டின் ஆறு மூலைகளையும் மழித்துவிடுகிறது. அதற்குப் பின் ஸ்க்ரூ ஸ்பானர். அதற்கும் வழுக்கினால் உளியும் சுத்தியலும். ஐம்பதாண்டுக் காலம் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்துத் தன் ஸ்தானத்தில் நின்ற ஒரு நட்டு, அதை மீட்பதற்காக வந்தவர் கையில் அரைமணியில் சாகிறது. மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயை முதல் நாள் மாலையிலேயே ஊற்றி வைத்து, மறுநாள் சரியான அளவுள்ள ரிங் ஸ்பானரை மாட்டி, சற்றே இறுக்கிப் பிறகு தளர்த்துவதற்கு வேண்டிய பொறுமை, எந்தப் பூட்டும் வேலைக்கு வேண்டிய பொறுமைக்கும் குறைந்ததன்று.

பேரிங் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஏனெனில் இந்த ஊர்ப் பட்டறைகளில் அதிகமாக நான் வருந்தும் காட்சி அதுவே. அலுமினியக் கிராங்க்கேஸில் எஃகுப் பேரிங் இறுகி அமர்ந்திருக்கிறது. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம். ஆகையால் கேஸைச் சீராக, தண்ணீர்த் துளி பட்டால் சுருசுருக்கும் சூடு வரும்வரையில் சூடேற்றிக் கவிழ்த்தால், பேரிங் தன் எடையாலேயோ, மரத்துண்டின்மேல் இலேசாகத் தட்டினாலோ, நழுவி விழும். அதைச் செய்யாமல் உள்ளிருந்து போல்ட்டை வைத்து அடித்து வெளியேற்றினால் பேரிங் வரத்தான் வரும். வரும்போது தன் இருக்கையின் சுவரைச் செதுக்கிக்கொண்டு வரும். அடுத்துப் போடும் புதுப் பேரிங் அந்த இருக்கையில் நிலையாக அமராமல் தானே சுழலும். பிறகு லேத் பட்டறைக்குப் போய்ப் புஷ் அடித்து, கடைந்து, மையம் பிடிக்க வேண்டும். அந்த மையம் பிடிக்கும் வேலையைப் பார்த்துவிட்டு, 'மாட்டுவதில்தான் எவ்வளவு வித்தை!' என்று கைகொட்டுகிறோம். அடிக்காமல் எடுத்தவனை யாரும் பாராட்டுவதில்லை. அவன் கையில் சரிசெய்யும்படியாக ஒன்றும் கெட்டுப்போகவில்லையே!

இனி, படித்த இளைஞர்கள் சொல்லும் ஓர் ஆட்சேபத்துக்கு வருகிறேன். கம்பெனியார் வெளியிட்ட கையேடு இருக்கிறது. செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். கழற்றிக் காட்டும் காணொளிகளும் ஏராளம். ஆதலால் கழற்றும்போது நினைவில் தங்காதது எதுவும் நஷ்டமன்று என்கிறார்கள். படம் எடுப்பதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் எதைப் படம் எடுக்க வேண்டும் என்று அறிந்தவன் எடுத்த படமே பயன்படும். கையேட்டைப் பற்றிய நம்பிக்கையோ அடிப்படையிலேயே பிசகானது. வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் எப்படி இருந்தது என்பதைக் கையேடு கூறும். அதன் பிறகு அது ராசிபுரத்துக் கிழங்கு வியாபாரி ஒருவரிடம் பத்து வருஷமும், கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளை வாரந்தோறும் ஏறி இறங்கிய ஓர் உத்தியோகஸ்தரிடம் பத்து வருஷமும் இருந்திருக்குமானால், அந்த இருபது வருஷத்தைப் பற்றிக் கையேட்டுக்கு என்ன தெரியும்? உதிரி கிடைக்காத காலங்களில் நம் ஊர் லேத்காரர்கள் தாங்களே கடைந்து போட்ட புஷ்களும், பக்கத்தில் இட்ட வாஷர்களும், வேறு வண்டியிலிருந்து எடுத்து அராவிப் பொருத்திய ஸ்பிரிங்குகளும் உள்ளே இருக்கின்றன. அவற்றில் சில மூலத்தினும் மேலானவை. சில அவசரத்துக்குச் செய்த ஒட்டுவேலை. எது எது என்பதை உள்ளே அவை அமர்ந்திருந்த நிலையில் கண்டுதான் தீர்மானிக்க முடியும். சாக்கின்மேல் பரப்பிய பிறகு, கையேட்டுப் படத்தில் இல்லாத வாஷர் ஒன்று மிஞ்சும். மேஸ்திரி அதைப் புரட்டிப் பார்த்து, 'இது வேண்டாதது' என்று எறிந்துவிடுவார். கியர் பெட்டி ஒரு மாதத்தில் முனகத் தொடங்கும்.

எதிர்க்கட்சியார் தம் கடைசி அஸ்திரமாக ஜி.டி. நாயுடுவை எடுக்கிறார்கள். கோவைக்கருகே கலங்கலில் 1893-இல் பிறந்த அந்த மேதை, இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டினார் என்ற வரலாறு நம்மவர் எல்லோருக்கும் தெரிந்ததே. பள்ளிப் படிப்பில் நாட்டமில்லாத ஒரு கிராமத்து வாலிபரால் கழற்ற முடிந்ததென்றால் அதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்கிறார்கள். நான் அதே வரலாற்றை என் பக்கத்துப் பிரமாணமாக ஏற்கிறேன். கற்பிக்க ஆசானும் அருகில் பட்டறையும் இல்லாதவர், பிரித்ததை மறுபடி பூட்ட முடிந்ததற்கு, பிரிக்கும்போதே ஒவ்வோர் உறுப்பும் எதைத் தள்ளுகிறது, எதனால் தள்ளப்படுகிறது என்று வாசித்துக்கொண்டே பிரித்தார் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியுமா? பிற்காலத்தில் பேருந்துக் கம்பெனி நடத்தி, மோட்டார் செய்யும் தொழிலையே கோவையில் ஊன்றக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவரான அந்த மனிதருக்கு, அந்த ரட்ஜ்தான் கல்லூரி. அவர் கழற்றியதை எளிது என்று சொல்வது, கழற்றியவர் ஜி.டி. நாயுடு என்பதை மறந்து பேசுவதாகும்.

இந்த அபிப்பிராயம் பெற்ற குழந்தை ஒன்று உண்டு. அதையும் இங்கேயே விசாரித்துவிடலாம். கழற்றுவது எளிது, செலவற்றது என்றாகிவிட்டபடியால், 'ஒரு நட்டு விடாம கழட்டிப் புதுசாக்கிடலாம்' என்பதே பழுதுபார்த்தலின் இலட்சணமாகிவிட்டது. நன்றாக இயங்கும் கியர் பெட்டியும் பிரிக்கப்படுகிறது. பளபளப்பு மங்கியதே தவிர உறுதி குன்றாத நிக்கல் முலாம் உரிக்கப்பட்டுக் குரோமியம் பூசப்படுகிறது. சட்டத்தை மணல் வீசிச் சுரண்டிப் பவுடர் கோட்டிங் செய்கிறார்கள். ஐரோப்பாவில் இந்த வெறி தணிந்து வெகுகாலமாயிற்று. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனமாகிய ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், உள்ளதைக் காத்தல் வேறு, புதுப்பித்தல் வேறு என்று பகுத்து, செய்யும் எந்த வேலையையும் திட்டமிட்டுப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டார் சொன்னதற்காக நாம் ஏற்க வேண்டியதில்லை என்பாருக்கு நம் சர்க்காரின் விதியைக் காட்டுகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த இருசக்கர வாகனத்துக்கு 20,000 ரூபாய் கட்டி 'விஏ' எழுத்துகளுள்ள தனிப் பதிவெண் பெறலாம். ஆனால் வண்டி மூல உருவில் காக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ எஞ்சினிலோ கணிசமான மாறுதல் செய்யப்பட்டிருக்கக் கூடாது. வண்டிச் சட்டத்தின் தலைப்பகுதியில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை முதலிலேயே மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் உரசிப் பிரதியெடுத்து வைக்காமல் மணல் வீச்சுக்கு அனுப்பிவிட்டு, கோட்டிங்கின் கனத்துக்கு அடியில் எண் பாதி மறைந்து வந்த பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விழிப்பவர்கள், கழற்றுவதில் ஒன்றுமில்லை என்று நம்பியவர்களே. எங்கே கழற்றுவதை நிறுத்த வேண்டும் என்று அறிவதும் கழற்றும் வித்தையில் சேர்ந்தது. அதைப் பையனிடம் எதிர்பார்க்க முடியாது.

மாட்டுவது அற்பம் என்று நான் சொன்னதாக யாரும் கொள்ள வேண்டாம். டைமிங் வைப்பதும், டாப்பெட் இடைவெளி பிடிப்பதும், கிராங்க் மையம் பார்ப்பதும் பயிற்சியாலன்றி வாரா. என் வாதம் ஸ்தானத்தைப் பற்றியது. மாட்டும்போது செய்த பிழையைத் திரும்பக் கழற்றித் திருத்தலாம். கழற்றும்போது செய்த பிழையைத் திரும்ப எங்கே போய்த் திருத்துவது? மீட்க முடியாத வேலையை அனுபவமற்றவனிடமும், மீட்கக் கூடியதை அனுபவசாலியிடமும் ஒப்படைக்கும் ஏற்பாடு எந்தச் சாஸ்திரத்துக்கும் ஒவ்வாது.

ஆகவே சேலம், நாமக்கல் பகுதியில் பட்டறை நடத்தும் பெரியவர்களுக்கும், அவர்களிடம் பழைய வண்டியை ஒப்படைப்போர்க்கும் என் விண்ணப்பம் ஒன்றே. இப்போது 'கழட்டி மாட்டற கூலி' என்று ஒரே தொகையாகப் பேசி முடிக்கிறீர்கள். அந்தத் தொகையில் கழற்றுவதன் பங்கு சூனியம் என்பதை இரு தரப்பாரும் அறிவீர்கள். இனி இரண்டு கூலியாகப் பிரித்துப் பேசுங்கள். கழற்றுவதற்கு மேஸ்திரியின் முழு நாள் கூலியை மனமுவந்து கொடுங்கள். அந்த நாளில் அவரே ஸ்பானர் பிடிக்கட்டும், பையன் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்று அவர் சொல்வதை எழுதட்டும். மண்ணெண்ணெய்த் தட்டு மறுநாள் வரட்டும்.